ஹெர்ஷிபார்க்: குடும்பத்தோடு முதல்முறை போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் தமிழ் வீடுகளுக்குக் கோடையில் ஊரிலிருந்து அப்பா அம்மா வருவார்கள். அவர்களை எங்கெல்லாம் கூட்டிக்கொண்டு போவது என்று ஒரு பட்டியல் எல்லா வீட்டிலும் இருக்கும்: நயாகரா, நியூயார்க், வாஷிங்டன், பிட்ஸ்பர்க் பெருமாள் கோயில். குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் பென்சில்வேனியாவின் ஹெர்ஷியும் அதில் சேர்ந்துகொள்ளும். மிட்டாயும் சாக்லேட்டும் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் கேளிக்கைப் பூங்கா என்றால் எந்தக் குழந்தை வேண்டாம் என்று சொல்லும்?

நாங்கள் நியூ ஜெர்சியிலிருந்து இதுவரை நான்கு முறை போயிருக்கிறோம். ஒருமுறை கைக்குழந்தையோடு, ஒருமுறை மாமனார் மாமியாரோடு, ஒருமுறை இரண்டு குடும்பங்கள் சேர்ந்து. ஆனால் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது முதல் பயணம்தான். மூத்தவளுக்கு அப்போது ஏழு வயது. ஒரு ரோலர் கோஸ்டருக்காக முக்கால் மணி நேரம் வெயிலில் வரிசையில் நின்றோம். ஏறும் இடத்தில் அளந்து பார்த்தால் அரை அங்குலம் குறைகிறது. அவள் அழுத அழுகை இன்னும் கண்ணில் நிற்கிறது. வீட்டிலேயே அளந்துவிட்டுக் கிளம்பியிருந்தால் அந்த அழுகையே வந்திருக்காது. அதனால் முதல் வேலையாக ஒரு அளவுநாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். "ஹெர்ஷிக்குப் போனோம்" என்று நண்பர்கள் சொன்னால், அவர்கள் போனது மூன்று இடங்களில் எதுவாகவும் இருக்கலாம். ஹெர்ஷிபார்க் என்பது ராட்டினங்களும் ரோலர் கோஸ்டர்களும் இருக்கிற கேளிக்கைப் பூங்கா. இதற்கு டிக்கெட் வேண்டும். அதன் வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சாக்லேட் வேர்ல்டு தனி இடம், உள்ளே போகக் கட்டணம் கிடையாது. மூன்றாவது ஜூஅமெரிக்கா, 11 ஏக்கரில் வட அமெரிக்க விலங்குகள் மட்டும் இருக்கிற சின்ன மிருகக்காட்சிசாலை. பூங்கா டிக்கெட் இருந்தால் உள்ளிருந்தே ஒரு பாலத்தைக் கடந்து அங்கே போகலாம். "செலவே இல்லாமல் சுற்றிவிட்டு வந்தோம்" என்று யாராவது சொன்னால் அவர்கள் சாக்லேட் வேர்ல்டுக்கு மட்டும் போய்விட்டு வந்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

இந்த ஊரின் கதையைக் குழந்தைகளுக்குக் காரிலேயே சொல்லிவிடுங்கள், வழி சீக்கிரம் கழியும். மில்டன் ஹெர்ஷி என்பவர் முதலில் செய்தது கேரமல் வியாபாரம். 1900-இல் அந்த நிறுவனத்தை 10 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டு, தான் பிறந்த வட்டாரத்துக்கே திரும்பிவந்து, பால் பண்ணைகளுக்கு நடுவில் சாக்லேட் தொழிற்சாலை கட்டினார். தொழிலாளர்களுக்கு வீடு, பள்ளி, டிராம் வண்டி எல்லாம் வந்தது. அவர்கள் ஓய்வு நாளில் குடும்பத்தோடு வந்து உட்கார ஒரு பூங்காவும் வந்தது. 1906-இல் தொடங்கிய அந்தப் பூங்காதான் இன்றைய ஹெர்ஷிபார்க். அவருக்கும் அவர் மனைவிக்கும் குழந்தைகள் இல்லை. 1909-இல் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கி, பிற்பாடு தன் சொத்தின் பெரும்பகுதியை அதன் அறக்கட்டளைக்கே எழுதிவைத்தார். பூங்காவை நடத்தும் நிறுவனமும் இன்றுவரை அந்த அறக்கட்டளையின் கையில்தான் இருக்கிறது. டிக்கெட் விலையைப் பார்த்து என் மாமனார் முகம் சுளித்தபோது இதைச் சொன்னேன். "அப்படியா, அப்போ சரி" என்று உடனே சமாதானமாகிவிட்டார்.

முதல் படி: உயரம்

பூங்காவில் ஒவ்வொரு ராட்டினத்துக்கும் உயர வரம்பு உண்டு. அந்த வரம்புகளுக்கு எண்ணுக்குப் பதிலாக மிட்டாய்ப் பெயர் வைத்திருக்கிறார்கள்:

36 அங்குலத்துக்குக் கீழே: மினியேச்சர்ஸ்
36 முதல் 42 அங்குலத்துக்குள்: கிஸ்ஸஸ்
42 முதல் 48-க்குள்: ரீசஸ்
48 முதல் 54-க்குள்: ஹெர்ஷிஸ்
54 முதல் 60-க்குள்: ட்விஸ்லர்ஸ்
60-உம் அதற்கு மேலும்: ஜாலி ராஞ்சர்

சென்டிமீட்டரில் பழகியவர்களுக்கு: 36 அங்குலம் ஏறக்குறைய 91, 42 என்பது 107, 48 என்பது 122, 54 என்பது 137, 60 என்பது 152.

வாசல் பக்கம் அளக்கும் இடங்கள் இருக்கின்றன. அங்கே அளந்து, அந்தந்த மிட்டாயின் பெயரில் கையில் பட்டை கட்டிவிடுவார்கள். முதல் வேலையாக அதைக் கட்டிக்கொண்டால், ஒவ்வொரு வரிசையிலும் குழந்தையை நிறுத்தி அளக்கும் தொல்லை பெரும்பாலும் இருக்காது. அதற்கும் முன்னால், கிளம்புகிற வாரத்தில் வீட்டுச் சுவரில் செருப்பில்லாமல் நிறுத்தி ஒருமுறை அளந்து பாருங்கள். பூங்காவின் இணையதளத்தில் எந்தப் பட்டைக்கு எந்த ராட்டினம் என்று இருக்கும். குழந்தையையும் பக்கத்தில் உட்கார வைத்து அந்தப் பட்டியலைப் பார்த்து, "இது உனக்கு உண்டு, இது அடுத்த வருஷம்" என்று அப்போதே பேசி முடித்துவிட வேண்டும். வீட்டில் கேட்கும் "இல்லை"யை ஒரு குழந்தை பத்து நிமிஷத்தில் மறந்துவிடும். வரிசையில் நின்று களைத்தபின் கேட்டால் அந்த நாளே அதற்குப் போய்விட்டது.

இந்த மிட்டாய்ப் பெயர்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். "நீ இன்னும் சின்னப் பிள்ளை" என்றால் எந்தக் குழந்தைக்கும் கோபம் வரும். "நீ இப்போ ரீசஸ், அடுத்த கோடையில் ஹெர்ஷிஸ் ஆகிவிடுவாய்" என்றால் கண் மலரும். என் மகன் இப்போதெல்லாம் தன் வயதைக் கேட்டால்கூட மிட்டாய்ப் பெயர்தான் சொல்கிறான்.

இரண்டாவது படி: நாள்

கோடையில், மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் முதல் வாரம்வரை, பூங்கா பெரும்பாலும் தினமும் திறந்திருக்கும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வார இறுதிகளை ஒட்டித்தான் திறப்பார்கள். நவம்பர் நடுவிலிருந்து கிறிஸ்துமஸ் விளக்குகளோடு கேண்டிலேன் என்ற பெயரில் மறுபடி திறக்கும். ஒவ்வொரு நாளும் திறக்கிற, மூடுகிற நேரம் மாறும் என்பதால் நாட்காட்டியைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

தண்ணீர் விளையாட்டு வேண்டுமென்றால் கோடையைத் தவிர வேறு வழியில்லை. கூட்டமும் வெயிலும் அப்போதுதான் அதிகம். சனி ஞாயிறைத் தவிர்த்து செவ்வாய், புதன் பார்த்துப் போங்கள். பள்ளி விடுமுறை தொடங்கும் முன் மே மாத வார இறுதி கிடைத்தால் இன்னும் நல்லது. பெரியவர்களோடு போவதென்றால் ஜூலை வேண்டாம் என்பது என் கருத்து. "மதுரை வெயிலைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் என்ன" என்று அவர்கள் சொல்வார்கள். மதுரையில் யாரும் உச்சிவெயிலில் ஏழு மணி நேரம் நடப்பதில்லையே.

கேண்டிலேன் சமயத்தில் ஒருமுறை போனோம். குளிரில் நடுங்கினாலும் மின்விளக்கு அலங்காரம் கண்கொள்ளாக் காட்சி. ராட்டினங்களில் கொஞ்சம்தான் ஓடும், குளிர் அதிகமானால் அதுவும் நிற்கும். அத்தையோ பாட்டியோ வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு ராட்டினத்தில் ஆர்வமில்லை என்றால் அந்தப் பருவம் ரொம்பப் பொருத்தம்.

டிக்கெட்டை வாசலில் வாங்காதீர்கள். முன்கூட்டி இணையத்தில் வாங்கினால் விலை குறைவு. அலுவலகச் சலுகை, சூப்பர்மார்க்கெட் சலுகை என்றும் கிடைக்கும், விசாரியுங்கள். 2 வயது வரை டிக்கெட் இல்லை. சின்னக் குழந்தைகளுக்கும் மூத்தவர்களுக்கும் தனி விலை உண்டு, எல்லோருக்கும் முழு டிக்கெட் போட்டுவிடாமல் வயது வரம்பைப் பாருங்கள். வண்டி நிறுத்தத் தனிக் கட்டணம், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மாலை மூடுவதற்கு முன் சில மணி நேரம் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு மறுநாள் முழுவதும் சுற்றிக்கொள்ளும் வசதியைச் சில டிக்கெட்டுகளோடு தருவார்கள். நீங்கள் போகும் நாளில் அது உண்டா என்று டிக்கெட் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். அங்கே தங்குகிறவர்களுக்கு அது பெரிய வரம். மாலை வெயில் தணிந்தபின் பெரியவர்களோடு நிதானமாக இடத்தைப் பார்த்துவிட்டால், மறுநாள் எங்கே எது என்ற தடுமாற்றமே இருக்காது.

வரிசையைத் தாண்டிப் போகக் கூடுதல் பணம் கட்டும் வசதியும் இருக்கிறது. பெரிய ரோலர் கோஸ்டர்களில் திரும்பத் திரும்ப ஏறுகிற பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால் யோசிக்கலாம். கிஸ்ஸஸ், ரீசஸ் உயரக் குழந்தைகளுக்கு அது வீண்செலவு.

மூன்றாவது படி: வழியும் தங்கலும்

பிலடெல்பியாவிலிருந்து சுமார் 95 மைல். எடிசன் பக்கத்திலிருந்து இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்: 78-ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே வந்து 81-இல் சேர்ந்து, 743-ஆம் சாலையில் தெற்கே இறங்கினால் ஊர். ஒரே நாளில் போய்த் திரும்பலாம். ஆனால் இரவு ஒன்பது மணிவரை ஆடிவிட்டு, தூங்கி வழியும் ஓட்டுநரோடு இருட்டில் திரும்புவது நல்லதில்லை. வண்டி ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றால் ஒரு இரவு தங்கிவிடுங்கள். ஹெர்ஷியிலேயே விடுதிகள் விலை கூடுதலாக இருக்கும், பதினைந்து மைல் தள்ளி ஹாரிஸ்பர்க்கில் குறையும். மறுநாள் காலை நியூ கம்பர்லாந்தில் இருக்கும் ஹரி கோயிலுக்கும் போய்விட்டு வரலாம். மெக்கானிக்ஸ்பர்க் பக்கம் இந்திய உணவகங்களும் உண்டு.

நான்காவது படி: உடையும் பையும்

பெண்கள் துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வேகமாகச் சுழலும் எந்த இயந்திரத்திலும் தொங்கும் துணி ஆபத்து. நீளமான சங்கிலி, ஜிமிக்கி, கழன்று விழக்கூடிய வளையல், எதுவும் வேண்டாம். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதைத் தலைக்குப் பின்னால் இழுத்துக் கட்டும் கயிறு ஒன்றை இரண்டு மூன்று டாலருக்கு வாங்கிக்கொள்ளுங்கள். கால் பிடிப்பான ஷூ போடுங்கள். பூங்கா ஏற்ற இறக்கமான நிலத்தில் இருக்கிறது, செருப்பில் நாள் முழுக்க நடக்க முடியாது. அம்மாக்கள் புடவையில் வந்தாலும் பரவாயில்லை. குதிரை ராட்டினத்தில் குதிரைகளோடு தேர் போன்ற இருக்கைகளும் இருக்கின்றன, புடவையோடு அதில் வசதியாக உட்காரலாம்.

தண்ணீர்ப் பகுதிக்கு நீச்சல் உடை கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுடிதார், ஜீன்ஸ், பருத்திச் சட்டை போட்டு இறங்க விடமாட்டார்கள். நீச்சல் உடை போடக் கூச்சமாக இருக்கிறவர்களுக்கு, முழுக்கை நீச்சல் சட்டையும் கணுக்கால்வரை வரும் நீச்சல் காற்சட்டையும் கடைகளில் கிடைக்கின்றன. உலோகப் பொத்தானோ ஜிப்போ இல்லாததாகப் பாருங்கள். எங்களோடு வந்த தோழி இது தெரியாமல் நாள் முழுக்கக் கரையிலேயே பையைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த வருஷம் அந்த உடையை வாங்கிக்கொண்டு வந்தவள் அலைக்குளத்தை விட்டு வெளியே வரவே இல்லை.

பை சின்னதாக இருக்கட்டும். வாசலில் சோதனை உண்டு, பெரிய ரோலர் கோஸ்டர்களில் பையோடு ஏற முடியாது. சன்ஸ்கிரீன், தொப்பி, மாற்றுத்துணி ஒரு செட், ஒரு துண்டு, போன் சார்ஜ் செய்யும் பேட்டரி, பெரியவர்களின் மாத்திரைகள், கார்டு. இவ்வளவு போதும். பூங்காவின் செயலியை முந்தின நாளே போனில் இறக்கி வையுங்கள், எந்த வரிசையில் எத்தனை நிமிஷம் என்று அதில் தெரியும்.

ஐந்தாவது படி: நாளை எப்படிப் பிரிப்பது

திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே வாசலில் இருங்கள். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வாசல்வரை வருவதற்கும் சோதனைக்கும் அந்த நேரம் சரியாகப் போய்விடும்.

வாசலுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது கேண்டிமோனியம் என்ற ரோலர் கோஸ்டர். 2020-இல் திறந்தது, 210 அடி உயரம், மணிக்கு 76 மைல் வேகம், தண்டவாள நீளம் 4,636 அடி. 54 அங்குலம் வேண்டும். எல்லோரும் முதலில் அதில்தான் போய் நிற்பார்கள். நீங்கள் போகாதீர்கள். நேராகப் பூங்காவின் பின்பகுதிக்கு நடந்துவிடுங்கள். பத்து மணிக்கு அங்கே ஆள் குறைவு. கூட்டம் மெல்ல மெல்லப் பின்னால் வரும்போது நீங்கள் பாதியை முடித்திருப்பீர்கள். இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் பந்தயம் ஓடும் லைட்னிங் ரேசர் என்ற மர ரோலர் கோஸ்டர் அங்கேதான் இருக்கிறது. அண்ணனும் தங்கையும் வேறு வேறு வண்டியில் ஏறிப் பந்தயம் விடுவதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். தண்ணீர்ப் பகுதியும் பக்கத்திலேயே இருப்பதால் மதியம் அப்படியே அங்கே போய்விடலாம். கேண்டிமோனியத்தை மாலைக்கு வையுங்கள்.

ரோலர் கோஸ்டரே ஏறாத குழந்தையை, உயரம் இருக்கிறதே என்று நேராகப் பெரியதில் ஏற்றாதீர்கள். ஒருமுறை மிரண்டால் அப்புறம் வருஷக்கணக்கில் ஏறமாட்டார்கள். என் கணக்கு இது: முதலில் கோமெட். 1946-லிருந்து ஓடும் மர ரோலர் கோஸ்டர், கடகடவென்று சத்தம் போடுமே தவிரத் தலைகீழாக்காது. அது பிடித்துப்போனால் சூப்பர்டூப்பர்லூப்பர். 1977-இல் வந்தது, கிழக்குக் கரையில் ஒரு முழு வட்டம் சுற்றிய முதல் ரோலர் கோஸ்டர் அதுதான். ஒரே ஒரு சுற்று, கத்தி முடிப்பதற்குள் முடிந்துவிடும். அதிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்கினால் மட்டும், உயரமும் இருந்தால், கால்கள் அந்தரத்தில் தொங்கும் 'கிரேட் பேர்' என்ற ரோலர் கோஸ்டருக்குப் போகலாம். ஸ்கைரஷ் என்று ஒன்று இருக்கிறது, 200 அடி, 75 மைல் வேகம். தொடையைப் பூட்டும் கம்பி நன்றாக அழுத்தும். அதை இரண்டாவது பயணத்துக்கு ஒத்திப்போடுங்கள், ஒன்றும் குறைந்துபோகாது.

சின்னவர்களுக்கென்று கோகோ க்ரூஸர் போன்ற குட்டி ரோலர் கோஸ்டர்களும், அங்கங்கே கையடக்கமான ராட்டினங்களும் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒரே ராட்டினத்தில் பத்து முறை ஏற வேண்டும் என்று குழந்தை கேட்டால் விடுங்கள். "இவ்வளவு பணம் கட்டி வந்து ஒன்றிலேயே சுற்றுகிறாயே" என்று இழுத்துக்கொண்டு ஓடினால் இரண்டு பேருக்கும் களைப்புத்தான் மிஞ்சும். கைக்குழந்தை இருப்பதால் அப்பா அம்மாவில் ஒருவர்தான் ஏற முடியும் என்றால், இரண்டு பேரும் தனித்தனியாக முழு வரிசை நிற்காமல் மாற்றி மாற்றி ஏற வழி இருக்கிறதா என்று அந்த ராட்டினத்தின் வாசலில் நிற்கும் பணியாளரிடம் கேளுங்கள். தயங்கவே வேண்டாம், அங்கே எல்லோரும் கேட்கும் கேள்விதான்.

பெரியவர்களுக்கு

நாம் செய்கிற பெரிய தவறு, பெரியவர்களையும் எல்லா வரிசைக்கும் இழுத்துக்கொண்டு போவது. அடுத்தது, "நீங்க இந்த பெஞ்சுல இருங்க, வந்துடறோம்" என்று உட்காரவைத்துவிட்டு இரண்டு மணி நேரம் காணாமல் போவது. என் மாமியார் அப்படி ஒருமுறை உட்கார்ந்திருந்தார். தாகம் எடுத்தும் எழுந்து போகவில்லை, இடம் மாறினால் நாங்கள் தேடுவோமே என்று. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஒரு விதி: பெரியவர்களோடு எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும்.

அவர்களுக்கென்று இரண்டு மணி நேரத்தைத் தனியாக ஒதுக்கலாம், அதற்கு இடமும் இருக்கிறது. 1919-இல் பிலடெல்பியாவில் செய்த குதிரை ராட்டினம், கையால் செதுக்கிய 66 மரக்குதிரைகள். பேரப்பிள்ளையோடு தாத்தா பாட்டி ஏறிப் படம் எடுத்துக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. டிரை கல்ச் என்ற சின்ன ரயில் உட்கார்ந்துகொண்டே ஊர்வலம் போவதுபோல. கிஸ்ஸிங் டவர் ஓடுகிற நாள் என்றால், 330 அடி கோபுரத்தில் மெதுவாகச் சுழன்றுகொண்டே மேலே போய் ஊர் முழுவதையும் பார்க்கலாம், அதன் ஜன்னல்கூட கிஸ்ஸஸ் மிட்டாய் வடிவம். அப்புறம் ஜூஅமெரிக்கா. என் மாமனார் கரடிக்கு முன்னால் நின்று நகரவே இல்லை. மரநிழலும் அமைதியும் அங்கேதான் கிடைக்கும்.

முழங்கால் வலி இருக்கிறவர்களுக்கு வாசலருகே சக்கர நாற்காலியை வாடகைக்கு எடுத்துவிடுங்கள். வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். மூன்று மணிக்குமேல் நன்றி சொல்வார்கள். ரத்த அழுத்தம், இதய நோய், முதுகுவலி, சமீபத்திய அறுவைசிகிச்சை எதுவாக இருந்தாலும் வேகமான எதிலும் ஏற்றாதீர்கள். ஊரிலிருந்து வந்தவர்களின் பயணக் காப்பீட்டு அட்டையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர், சாப்பாடு, இடி

போர்டுவாக் என்ற தண்ணீர்ப் பகுதிக்குத் தனி டிக்கெட் இல்லை. அலைக்குளம், மெதுவாக மிதந்துபோகும் ஓடை, சறுக்குகள் எல்லாம் உண்டு. மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை எல்லோரும் வெயில் தாங்காமல் அங்கேதான் வருவார்கள். பதினொன்றரைக்கே இறங்கி ஒன்றரைக்குள் வெளியே வந்துவிடுவது எங்கள் வழக்கம். நீச்சல் தெரியாத குழந்தைக்கு மிதவைச் சட்டை போட்டாலும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். காவலர்கள் இருக்கிறார்களே என்று போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு உள்ளே பீட்சா, உருளை வறுவல், பிரெட்சல் என்று சைவமாகச் சமாளிக்கலாம், பெரியவர்களுக்கு அது ஒருவேளைக்கு மேல் ஒத்துக்கொள்ளாது. வெளிச்சாப்பாடு பற்றிய விதியை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் செய்வது: புளியோதரை, தயிர்சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியோடு காரிலேயே வைத்துவிடுவோம். அன்றே திரும்ப உள்ளே வர என்ன செய்ய வேண்டும் என்று வெளியேறும் வாசலில் கேட்டுக்கொண்டு, வண்டிக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவோம். ஒரு மணி நேரம் போகும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் பெரியவர்களுக்கு ஓய்வு, குழந்தைகளுக்கு ஏசி, எல்லோருக்கும் வயிறு நிறைவு. சாப்பிட்ட கையோடு சுழலும் ராட்டினம் எதிலும் ஏறாதீர்கள். உள்ளே திரும்பியதும் ரயில் அல்லது மிருகக்காட்சிசாலை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜூலை, ஆகஸ்டில் மத்தியப் பென்சில்வேனியாவில் பிற்பகல் இடிமழை சாதாரணம். மின்னல் பக்கத்தில் வந்தால் ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். பலர் அத்தோடு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் கூரைக்கடியில் ஒதுங்கி நின்று பொறுங்கள். மழை விட்டு மறுபடி ஓடத் தொடங்கும்போது வரிசைகள் பாதியாகியிருக்கும். எங்கள் நான்கு பயணங்களிலும் மிக நன்றாக ஆடிய நேரம் அப்படி ஒரு மழைக்குப் பின் கிடைத்ததுதான்.

குழந்தையின் கைப்பட்டையின் உட்புறம் உங்கள் போன் எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள். "காணாமல் போனால் நடக்காதே, நின்ற இடத்திலேயே நில், சீருடை போட்டவரிடம் சொல்" என்று காலையிலேயே சொல்லிவையுங்கள். ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்கும் இதே ஏற்பாடு வேண்டும். அவர்கள் போனில் இங்கே பேச வசதி இல்லை என்றால் உங்கள் எண்ணைத் தாளில் எழுதிச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்துவிடுங்கள்.

கடைசிப் படி: சாக்லேட்

சாக்லேட் வேர்ல்டை எப்போதும் கடைசிக்கு வையுங்கள். காலையிலேயே வாங்கினால் காரில் உருகிக் கூழாகிவிடும். கோடை இரவுகளில் பூங்கா மூடிய பின்னும் அது கொஞ்ச நேரம் திறந்திருப்பது வழக்கம், அன்றைய நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் அசல் தொழிற்சாலைக்குள்ளேயே மக்களை விட்டுக் காட்டினார்கள். கூட்டம் தாங்காமல் போகவே 1973-இல் இந்த இடத்தைக் கட்டினார்கள். சின்ன வண்டியில் உட்கார்ந்தால், கொக்கோ விதையிலிருந்து சாக்லேட் வரும் வரைக்குமான கதை கண்முன்னால் ஓடும். பாட்டுப் பாடும் பசுமாட்டு பொம்மைகள் வரும், கடைசியில் கையில் ஒரு சாக்லேட் கொடுப்பார்கள். இது இலவசம். நாமே சாக்லேட் செய்து உறையில் போட்டு எடுத்துவரும் பகுதிக்குக் கட்டணம் உண்டு. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அந்தக் காசு வீண் போகாது.

வாங்கும்போது உறையைத் திருப்பிப் படியுங்கள். சைவக் குடும்பங்கள் பார்க்க வேண்டிய சொல் ஜெலட்டின், விலங்கு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது. மெத்தென்ற கம்மி மிட்டாய்களிலும் மார்ஷ்மெல்லோவிலும் அது இருக்க வாய்ப்பு அதிகம். ரீசஸ் என்றாலே நிலக்கடலை வெண்ணெய், ஒவ்வாமை இருக்கிற குழந்தைகள் இருந்தால் பையைப் பிரித்துவையுங்கள். சர்க்கரை நோய் இருக்கிற தாத்தாவுக்கு அந்த ஒரு இலவசத் துண்டைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கணக்கில் வைத்துக்கொண்டால் ஆயிற்று, பறித்துக்கொள்ள வேண்டாம்.

ஊருக்குக் கொடுத்தனுப்ப வாங்குகிறவர்களுக்கு ஒன்று: இங்கே கிட்கேட்டைச் செய்வது ஹெர்ஷி, நம் ஊரில் நெஸ்லே. சுவை கொஞ்சம் வேறு. அதேபோல் ஹெர்ஷியின் பால் சாக்லேட்டில் நம் நாக்குக்கு ஒரு லேசான புளிப்பு தட்டும். கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், அதன் சுவையே அப்படித்தான். பெட்டி பெட்டியாக வாங்கும் முன் ஒன்றைப் பிரித்து எல்லோரும் ருசி பாருங்கள். காலையில் சாப்பாடு வைத்திருந்த ஐஸ் பெட்டி இப்போது காலியாக இருக்கும், வாங்கியதை அதில் போடுங்கள். ஐஸ் கரைந்த தண்ணீரை முதலில் கொட்டிவிட்டு, சாக்லேட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்க வேண்டும்.

கிளம்பும்போது நெடுஞ்சாலைக்கு நேராகப் போகாமல் ஐந்து நிமிஷம் சாக்லேட் அவென்யூ வழியாக மெதுவாக ஓட்டுங்கள். தெருவிளக்குகள் எல்லாம் கிஸ்ஸஸ் மிட்டாய் வடிவம், சில வெள்ளிக் காகிதத்தோடு, சில பிரித்தது. பின் இருக்கையில் விழித்திருப்பவர்களுக்குக் காகிதம் சுற்றியது எத்தனை, பிரித்தது எத்தனை என்று எண்ணும் வேலையைக் கொடுங்கள். எங்கள் வீட்டில் இதுவரை ஒருவரும் கடைசி விளக்குவரை எண்ணியதில்லை, அதற்குள் தூங்கிவிடுவார்கள்.